மேடையில் வாங்கிய வெற்றிலை

மேலப்புதூர், திருச்சி
12.10.2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தம்பி ஆசீருக்கு,

அக்கா அக்னஸ் எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்குக் காலையில் மூட்டுவலி படுத்துகிறது. பூசைக்கு நடந்து போய் வந்தால் சரியாகிவிடுகிறது என்று பிடிவாதமாகச் சொல்கிறார். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உங்கள் எம்.பி. ஆபீசில் யாரோ வாட்ஸ்அப்பில் எழுதியது டிவியில் ஓடியதிலிருந்து, எம்.பி. சம்பந்தப்பட்ட எதையும் போனில் பேசாதே, எழுதாதே என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். கடிதத் தாளுக்காகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உப்பிலியபுரம் ஸ்கூலில் என்னிடம் பிளஸ் டூ படித்த ரெங்கராஜ் என்ற பச்சைமலைப் பையனைத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் அனுப்பினான். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, எல்லை ஆற்றைத் தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பெரிய சுற்றுச்சுவர், துப்பாக்கிக் காவல். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்க வேண்டும். மறுத்தால் அடி. காவல்காரன் ஒருவனைச் சரிக்கட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அம்மாவுக்குப் போன் செய்கிறான்.

அவன் அம்மா பொன்னுத்தாய் மரவள்ளிக்கிழங்கு விற்க மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஸ்கூல் வாசலில் வந்து நிற்கிறாள். "டீச்சர், உங்க தம்பி டில்லியில பெரிய ஆளுகிட்ட வேலை பாக்குறாராமே" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று வைத்துக்கொள். உன் எம்.பி. வெளிநாட்டு விவகாரங்களில் நன்றாகப் பேசுகிறவராயிற்றே. அவர் காதில் இதைப் போடு.

அப்பா தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா

*

நார்த் அவென்யூ, புது டில்லி
25.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். சாப்பாடு பற்றிக் கேட்காதீர்கள். ரசம் என்று இங்கே ஒருவர் ஊற்றுவதைப் பார்த்தால் அப்பா போலீசுக்குப் போவார். அவருடைய மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ரெங்கராஜ் விஷயத்தை ஐயாவிடம் சொன்னேன். பையனின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டார். பிறகு வெளியுறவு அமைச்சகத்தில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியிடம் நேரம் வாங்கச் சொன்னார். அடுத்த வாரம் போகிறோம்.

ஐயா நவம்பர் 19ஆம் தேதி ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து உப்பிலியபுரத்துக்கு நூலகக் கட்டடம் திறக்க வருகிறார். ராஜ்யசபா உறுப்பினர் என்றாலும் அடுத்த தேர்தலில் நேரடியாக நிற்கும் எண்ணம் இருக்கிறது. அதனால் இப்போது கட்டடங்கள் நிறையத் திறக்கிறோம். நானும் கூட வருவேன். பேச்சை எழுதுவது வழக்கம்போல நான்தான். அந்த அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். மேடையிலேயே இதைப் பேச வைக்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி,
ஆசீர்

*

மேலப்புதூர்
21.11.2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தம்பிக்கு,

டில்லி போய்ச் சேர்ந்திருப்பாய். இருமிக்கொண்டே கிளம்பினாய், மருந்து சாப்பிட்டாயா? வீட்டுக்கு வந்து அரைமணி நேரம்கூட உட்காராமல் போய்விட்டாய் என்று அப்பாவுக்கு வருத்தம். நான் சமாதானம் சொல்லிவிட்டேன்.

உன் ஐயா பேசியதை ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. "பொங்கலுக்குள் ரெங்கராஜ் தன் தாயின் வீட்டு வாசலில் நிற்பான், இது என் பொறுப்பு" என்றாரே, பந்தலில் கைதட்டல் அடங்கவே இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் தாளைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். கண்ணாடியைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அந்த வரி உன்னுடையதுதானே? சின்ன வயதில் பேச்சுப்போட்டிக்கு நீ எழுதுவது இப்படித்தான் இருக்கும். பக்கத்தில் இருந்த சயின்ஸ் டீச்சரிடம், "என் தம்பி எழுதினது" என்று சொல்லியும் விட்டேன்.

பொன்னுத்தாய் மேடை ஏறித் தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டியதும், ஐயா சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். இறங்கி வந்து அவள் சொன்னது தெரியாது. "வாங்கிட்டாரு டீச்சர்" என்றாள். அவர்கள் ஊரில் ஒரு காரியத்துக்காக நீட்டிய வெற்றிலையை வாங்கிக்கொண்டால் வாக்குக் கொடுத்தது மாதிரி. அதன் பிறகு அந்தக் காரியத்துக்கு வேறு யாரிடமும் போய் நிற்கக்கூடாது. பரிசம் போட்ட பிறகு வேறு மாப்பிள்ளை பார்ப்பது போல ஆகிவிடும் என்றாள். வாங்கியவர் கையால் திரும்பி வந்தால்தான் விடுதலையாம்.

அமைச்சகத்து அதிகாரி என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லையே. நல்ல செய்தியாக இருந்ததால்தானே ஐயா அவ்வளவு உறுதியாகச் சொன்னார்?

அன்புடன்,
அக்கா

*

புது டில்லி
27.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் பரவாயில்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இடது கை கொஞ்சம் நீளம், ஆனால் யாரும் என் கையைப் பார்ப்பதில்லை.

அதிகாரியைப் பார்த்தோம். நல்ல மனிதர், டீ எல்லாம் கொடுத்தார். விஷயம் உரிய மட்டத்தில் எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. கூட்டத்தொடர் தொடங்குகிறது, வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அப்பாவுக்கு மூட்டுவலித் தைலம் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஆசீர்

*

மேலப்புதூர்
1.12.2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. அப்பா வாசனை பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே தேய்த்துக்கொள்கிறார். இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடு, மற்ற வேலையெல்லாம் பிறகு.

ரெங்கராஜ் இருக்கும் கட்டடத்தில் பாலக்கரைக்காரர் ஒருவர் இருக்கிறார், அப்துல் மாலிக் என்று பெயர். கொஞ்சம் வயதானவர், பையன்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி. அவர் ஒரு காவல்காரனைப் பிடித்திருக்கிறார். பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவன் பின்கதவைத் திறந்துவிடுவானாம். சோளக்காட்டுக்குள் நடந்து, ஆற்றைப் படகில் தாண்டித் தாய்லாந்து போலீசிடம் போய் நிற்பது திட்டம். தமிழ்ப் பையன்கள் ஒரு ஆறு பேர் கிளம்புகிறார்கள். மாட்டினால் சுடுவார்கள். ரெங்கராஜ் அம்மாவிடம் கேட்கிறான், போகட்டுமா, இருக்கட்டுமா என்று.

பொன்னுத்தாய் நேற்று ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டாள். "எம்.பி. வெத்தலை வாங்கியிருக்காரு. அவரு கூட்டிட்டு வர்ற நேரத்துல இவன் ஓடப்போயி குண்டடி பட்டா நான் என்ன பண்ணுவேன்? நீங்க சொல்லுங்க டீச்சர், போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா?" என்றாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று உனக்குப் போன் செய்தேன். "கடிதமா போடுங்கக்கா" என்று வைத்துவிட்டாய். சரி, போட்டுவிட்டேன். பொங்கலுக்குள் என்று ஐயா சொன்னது நிஜம்தானா? அங்கே ஏதாவது நடக்கிறதா, இல்லையா? எனக்கு விளக்கம் வேண்டாம். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும். அந்தப் பையன் உயிர் இதில் இருக்கிறது.

அக்கா

*

புது டில்லி
5.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அப்பா தைலம் தேய்த்துக்கொள்வது சந்தோஷம். கிறிஸ்துமஸுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. கேக் செய்தால் எனக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள், பெரிய துண்டாக.

நீங்கள் ஆம், இல்லை என்று கேட்கிறீர்கள். டீச்சர் புத்தி. வெளிநாட்டு விவகாரத்தில் அந்த இரண்டு வார்த்தைகளையும் எங்கள் ஆபீசில் யாரும் கையால் தொடுவதில்லை. 'பேச்சு நடக்கிறது', 'கவனத்தில் இருக்கிறது', 'அக்கறையோடு பார்க்கிறோம்' என்று மூன்று நான்கு சொல் வைத்திருக்கிறோம், அவற்றை வைத்தே வண்டி ஓடுகிறது. அமைச்சகத்தில் நேற்று ஒருவர் என்னிடம், "உங்க தமிழ்ல 'பார்க்கலாம்'னு ஒரு வார்த்தை இருக்காமே, அது எவ்வளவு நல்ல வார்த்தை" என்றார். சிரித்துவிட்டேன்.

மேடையில் சொன்னது சொன்னதுதான் அக்கா. ஐயா இந்த விஷயத்தை விடவே இல்லை. அந்த அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். உறுதியான தகவல் வந்ததும் எழுதுகிறேன்.

குளிர் அதிகம். உங்கள் ஸ்வெட்டர் காப்பாற்றுகிறது.

உங்கள் தம்பி,
ஆசீர்

*

மேலப்புதூர்
24.12.2023

இயேசுவுக்குப் புகழ்.

தம்பிக்கு,

நாளை கிறிஸ்துமஸ். கேக் செய்யவில்லை. அப்பாவுக்கு உடம்பு சுமார்.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை வந்தது. பல தடவை படித்தேன். அதில் இல்லை என்று எங்கேயும் இல்லை. என் தம்பி, ஒரு உயிர் விஷயத்தில், இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுவான் என்று நினைத்தேன். மறுநாள் காலை பொன்னுத்தாயிடம் நானே போனில் சொன்னேன்: "இருக்கச் சொல்லுங்க." அவள் அப்படியே மகனிடம் சொன்னாள்.

மற்றவர்கள் போனார்கள். ஆற்றைத் தாண்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாய்லாந்துக் கரையில் ஏறியதும் தூதரகத்து ஆட்களே வந்து எல்லாம் பார்த்துக்கொண்டார்களாம்.

வியாழக்கிழமை அவர்கள் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கியதை டிவியில் பார்த்தோம். உன் ஐயா ஒவ்வொருவருக்கும் சால்வை போட்டார். மீட்டு வந்த எம்.பி. என்று கீழே எழுத்து ஓடியது. சால்வையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நீ. இடது கை நீளமான ஸ்வெட்டர். அப்பா டிவியை அணைக்கச் சொன்னார். ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் போய்விட்டாய்.

நேற்று பொன்னுத்தாயை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பாலத்திலிருந்தே நடந்துதான் போக வேண்டியிருந்தது. எம்.பி. வீட்டில், ஐயா கோயிலில் விருந்தினர்களோடு இருக்கிறார், டில்லி ஆபீசுக்கு எழுதுங்கள் என்றார்கள். டில்லி ஆபீசுக்கு நான் எழுதினது போதாதா என்று வாய்வரை வந்தது. பொன்னுத்தாய் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள், திரும்பிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

வரும் வழியில் பாலக்கரையில் மாலிக்கைப் பார்த்தோம். மெலிந்து கிடக்கிறார். "ரெங்கராஜ் பின்கதவு வரைக்கும் வந்தான் டீச்சர். கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன். 'எங்க எம்.பி. சொல்லியிருக்காருண்ணே, அம்மா இருக்கச் சொன்னாங்க'ன்னு நின்னுட்டான். கடைசியில அவனேதான் கதவைச் சாத்தினான்" என்றார்.

ஆசீர், அந்த அதிகாரி உங்களிடம் என்னதான் சொன்னார்?

அக்னஸ்

*

மேலப்புதூர்
18.1.2024

தம்பிக்கு,

பொங்கல் முடிந்துவிட்டது. பதில் வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று அப்பா கேட்கிறார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நானும் உன்னைப் போலப் பேசப் பழகிவிட்டேன்.

மற்றவர்கள் தப்பியதற்காக ரெங்கராஜை அடித்து வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மூன்று ஞாயிறு போன் இல்லை. போன வாரம் ஒரு நிமிடம் பேசினான். "பொங்கலுக்குன்னு சொன்னாங்களேம்மா, கொஞ்சம் தள்ளிப்போச்சா?" என்று கேட்டானாம்.

அவள் பொங்கல் வைக்கவில்லை. நான் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

அக்னஸ்

*

புது டில்லி
14.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உடம்பால் நலம். இன்று திருநீற்றுப் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்றும் எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

அந்த அதிகாரி நவம்பர் முதல் வாரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பகுதி மியான்மர் அரசாங்கத்தின் கையில் இல்லை. ஆயுதக் குழுக்கள் கையில் இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதலாம், பதிலும் வரும், பையன் வரமாட்டான். குழுக்களோடு நாம் பேசுகிறோம் என்று தெரிந்தால் அரசாங்கம் கோபித்துக்கொள்ளும். அவர்களோடு நமக்கு நீண்ட எல்லை இருக்கிறது. கடைசியாக ஒன்று சொன்னார்: "எப்படியாவது ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக் கரைக்கு வந்துவிட்டால் எங்களால் எல்லாம் செய்ய முடியும். அந்தக் கரையில் இருக்கும்வரை ஒன்றும் முடியாது. இதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்."

நீங்கள் ஐயா மேல் கோபமாக இருப்பீர்கள். அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன். உப்பிலியபுரம் கிளம்பும் அன்று காலை ஸ்ரீரங்கத்து வீட்டில் ஐயா எழுதச் சொன்னது வேறு. "அம்மா, அங்க யாரு ஆட்சி பண்றாங்கன்னே சரியாத் தெரியலை. நம்ம ஆளுங்க உள்ள போய்க் கூட்டிட்டு வர முடியாது. அவனா இந்தக் கரைக்கு வந்தா நாங்க பாத்துக்குவோம். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது, மன்னிச்சுக்கங்க." இதுதான் அவர் சொன்னது. இதையே எழுது ஆசீர் என்றார்.

அந்த வரிகளை நான்தான் பேச்சிலிருந்து அடித்தேன். காரில் போகும்போதே அவருக்கு வரிசையாகக் காரணம் சொன்னேன். ஒரு எம்.பி. இதைச் சொன்னால் அந்த நாட்டின் எல்லை அந்த நாட்டின் கையில் இல்லை என்று நாமே அறிவித்த மாதிரி ஆகும். ஆற்றைத் தாண்டி வா என்று சொல்லி, வழியில் சுட்டுவிட்டால் நாம் கொன்ற மாதிரி ஆகும். 'முடியாது' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து எதிர்க்கட்சிக்காரர்கள் தேர்தல்வரை ஓட்டுவார்கள். அந்த அம்மா மேடையிலேயே அழுதுவிட்டால் அடுத்த நாள் பேப்பரில் அந்தப் படம்தான் வரும். அக்கா, அத்தனையும் நிஜமான காரணங்கள், ஒன்றுகூட நான் இட்டுக்கட்டியதில்லை. எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, பொங்கலுக்குள் வருவான் என்று எழுதிக் கொடுத்தேன். படிப்பதற்கு முன்னால் அவர் என்னைப் பார்த்தாரே, அது கண்ணாடிக்காக இல்லை. நான் தலையாட்டினேன். அவரும் படித்துவிட்டார். கைதட்டல் கேட்ட பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, நானும் பேசவில்லை.

உங்கள் டிசம்பர்க் கடிதம் வந்ததும் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'போகச் சொல்லுங்கள்.' எழுதினேன். கிழித்துவிட்டேன். அந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்தால் ஐயா பொய் சொன்னார் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. 'என் தம்பி எழுதினது' என்று நீங்கள் டீச்சரிடம் சொல்லியிருந்தீர்கள். அந்த வரி பொய் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கேக்கைப் பற்றி எழுதினேன்.

இன்னொன்று. அந்த வெற்றிலையை ஐயா காரில் ஏறியதும் என்னிடம் கொடுத்தார். துறையூர் தாண்டிச் சாப்பிட்டுவிட்டு, நான் அதைப் போட்டுக்கொண்டேன். நன்றாகச் சிவந்தது. ஐயா கார்க் கண்ணாடியில் பார்த்துக் கேலி செய்தார்.

அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டுமோ நீங்களே சொல்லுங்கள்.

ஆசீர்

*

மேலப்புதூர்
26.2.2024

இயேசுவுக்குப் புகழ்.

ஆசீருக்கு,

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். ராத்திரி ஜெபத்தில் உன் பெயரைச் சொன்னார், வழக்கம்போல.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. உன் கடிதத்தில் இல்லை என்று இல்லாததை ஆம் என்று படித்தது நான். ஒரு அக்காவுக்குத் தன் தம்பி எப்போது மழுப்புகிறான் என்று தெரியாதா? தெரிந்தது. 'பெரிய துண்டாக' என்று நீ எழுதிய இடத்திலேயே தெரிந்தது. எனக்கும் அந்த வரி நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

நேற்று மலைக்குப் போனேன். பஸ் மேலே போகாததால் கடைசித் தூரம் பால் வண்டியில் ஏறிப் போனேன். பொன்னுத்தாய் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார வைத்து உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். வெற்றிலையையும் விடவில்லை. இருக்கச் சொல்லுங்க என்று சொன்னது என் தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. மண்ணை உதறிக்கொண்டே, "முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மேடையிலயே அழுதிருப்பேன் டீச்சர். அழுதுட்டு, எம் புள்ளையப் போகச் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "நான் அழுதா என்ன? அழக்கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றாள். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

மாலிக் இன்னொரு ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறார், அவர் மூலம் ஒரு வழி இருக்கலாம் என்று சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். "வெத்தலை இன்னும் அவருகிட்டதான இருக்கு. திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் யாரு காலையும் பிடிப்பேன்." அவரே வார்த்தையை மீறிவிட்டாரே என்றேன். "அவரு மீறினா நானும் மீறணுமா?" என்றாள்.

ஐயாவை ஒரு தடவை வரச் சொல். மைக் வேண்டாம், பந்தல் வேண்டாம். ஒரு வெற்றிலையும் முடியாது என்ற வார்த்தையும் போதும்.

அக்னஸ்

*

புது டில்லி
12.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சுகமா? ஜெபத்தில் என் பெயரைச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் நினைப்பதுபோல அவர் கோபப்படவில்லை. "முடியாதுன்னு அன்னைக்கே சொல்றேன்னுதான சொன்னேன்" என்றார். பிறகு, "இப்பப் போய் முடியாதுன்னு சொன்னா, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு ஆயிடும். ஏர்போர்ட்ல சால்வை போட்டதுக்கு என்ன அர்த்தம்னு கேப்பாங்க. தேர்தல் முடியட்டும் ஆசீர், பாக்கலாம்" என்றார். நான் அவருக்குக் கற்றுக் கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொன்னார்.

அவர் வரமாட்டார். நான் வருகிறேன். லீவு கேட்டேன், தேர்தல் நேரத்தில் யார் கொடுப்பார்கள்? கேட்காமல் வருகிறேன். வாங்கியவர் அவர்தான், ஆனால் அதைப் போட்டுக்கொண்ட வாய் என்னுடையது. அந்த அம்மா ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டு வையுங்கள். இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை சத்திரத்தில் இருப்பேன்.

ஆசீர்

*

மேலப்புதூர்
1.4.2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தம்பிக்கு,

நேற்று ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது. அப்பா நடந்தே பூசைக்குப் போய் வந்தார். டில்லியில் உன் வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்கிறார். எதுவாக இருந்தாலும் எழுது, மழுப்பாமல் எழுது.

வெற்றிலையைப் போட்டுக்கொண்டவனே வந்து சொன்னால் போதும் என்று பொன்னுத்தாய் ஒத்துக்கொண்டிருந்தாள். அன்று மலையில் நீ அவள் முன்னால் வெற்றிலையை வைத்துவிட்டு நின்றாய். ஊர் முழுக்கப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவனுக்கு அன்று ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆனது. "எங்களால முடியாதும்மா" என்று நீ சொன்னதும் அவள் சட்டென்று எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டே பால் வண்டியில் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் கை கழுவிக்கொண்டு, "மாலிக் நம்பரைப் போட்டுக் கொடுங்க டீச்சர்" என்றாள். மறுநாள், குருத்து ஞாயிறு அன்று, ரெங்கராஜின் போனுக்காக நான் அவளோடு மலையில் காத்திருந்தேன். சாயங்காலம் வந்தது. அவன் முதலில் கேட்டதே, "எம்.பி. ஏதாவது சொன்னாரா?" என்றுதான். அவள் எப்படிச் சொல்லப்போகிறாள், எங்கே ஆரம்பிப்பாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

அவள் சொன்னாள்: "யாரும் வரமாட்டாங்க சாமி. அம்மா தப்பாச் சொல்லிட்டேன். மாலிக் அண்ணன் ஒரு ஆளைச் சொல்லுவாரு. மனசுக்குச் சரின்னு பட்டா கெளம்பு. ஆத்தைத் தாண்டிட்டா நம்மாளுங்க இருப்பாங்க. தாண்டுறது உன் கையிலதான் இருக்கு."

அவ்வளவுதான், ஆசீர். அந்த அதிகாரி சொன்னது, ஐயா சொல்ல நினைத்தது, நீ அடித்தது, நான் கேட்காமல் விட்டது, எல்லாம் அதற்குள் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எதிர்முனையில் ரெங்கராஜ், "சரிம்மா" என்றான். பொங்கலிலிருந்து அவன் பேசியதிலேயே அன்றைக்குத்தான் தெளிவாகப் பேசினான் என்றாள் அவள்.

நேற்று ஞாயிறு. போன் வரவில்லை. மாலிக்கின் ஆளையும் பிடிக்க முடியவில்லை. கிளம்பிவிட்டானா, மாட்டிக்கொண்டானா, ஆற்றில் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. இன்று காலை ஸ்கூல் வாசலில் கிழங்கு மூட்டையோடு பொன்னுத்தாய் நின்றாள். "வந்துடுவான்ல டீச்சர்?" என்று கேட்டாள்.

நிச்சயம் வருவான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது தெரியுமா? விழுங்கிக்கொண்டு, "தெரியலை பொன்னுத்தாய்" என்றேன்.

அவள் அழுதாள். வாசலிலேயே, பிள்ளைகள் பார்க்க, நன்றாக அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டையைத் தூக்கி விடச் சொன்னாள். தூக்கி விட்டேன்.

அப்பாவின் ஆசீரோடு,
உன் அக்கா அக்னஸ்